அப்பாவோடு ஜோத்பூர் பாறைப் பூங்காவில் ஒரு பகல்: உதவிய எல்லோருக்கும் நன்றி

டெல்லியிலிருந்து ராத்திரி வண்டி ஏறி, காலையில் ஜோத்பூரில் இறங்கி, பகல் முழுக்க ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவில் நடந்துவிட்டு, மறுபடி ராத்திரி வண்டியிலேயே திரும்பினோம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டதே, கூட்டிப் போகலாமா என்று நான் தயங்கியபோது, "தாராளமா கூட்டிட்டுப் போ, மெதுவா நடந்தா ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் சொல்லி, கீழ் பெர்த்தாகப் பார்த்து டிக்கெட்டும் போட்டுக் கொடுத்த ஆர்.கே.புரம் பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் முதல் நன்றி. எலுமிச்சை சாதமும் மோர்மிளகாயும் கட்டிக் கொடுத்த மாடி வீட்டு மாமிக்கும் நன்றி, வெயிலில் அதுதான் வாய்க்குப் பிடித்தது.

அப்புறம் எங்களோடு வந்த வழிகாட்டித் தம்பி. பூங்கா மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டி 70 ஹெக்டேர், பெரும்பாலும் எரிமலைப் பாறை. 1930களில் மகாராஜா விமானத்திலிருந்து சீமைக்கருவேல விதையைத் தூவ வைத்தாராம், அது வேறு எதையும் தலையெடுக்க விடவில்லை. 2006இல் அதை அகற்றத் தொடங்கி, 2011இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று எங்கள் முதுகுளத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன, அப்பா இளவயதில் கரிமூட்டம் போட்டவர். "பாறைக்குள்ள போன வேரை எப்படிப்பா எடுத்தீங்க?" என்று அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் இந்தியில் மாற்றிச் சொல்லும் வரை பொறுமையாக நின்ற அந்தத் தம்பி, வாயால் விளக்காமல், செடி பிடிக்காமல் காலியாகக் கிடந்த ஒரு குழிக்கு அழைத்துப் போனார். அப்பா குந்தி உட்கார்ந்து கையை விட்டார், முழங்கை வரை உள்ளே போனது, ஓரமெல்லாம் உளித் தடம் வரிவரியாக. கந்த்வாலியா என்கிற கல் வெட்டும் தொழிலாளர்கள், சுத்தியலால் தட்டிச் சத்தத்தை வைத்தே பாறை எங்கே இளக்கமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே குடைந்து வேரோடு எடுத்திருக்கிறார்கள். அந்தக் குழிகளில்தான் பாலைவனச் செடிகளை நட்டார்கள். இன்றைக்கு மழைக்குப் பிறகு தோர் கள்ளி குத்துக்குத்தாக இலைவிட்டு நிற்கிறது, குமட்டியா, ரோஹிடா என்று அந்த மண்ணுக்கே உரிய மரங்கள் நிற்கின்றன, எருக்கஞ்செடியைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். அந்தத் தொழிலாளர்களை நாங்கள் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்களே என்று வழி நெடுக அப்பா சொல்லிக்கொண்டே வந்தார், எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. அவர்களுக்கு என் கும்பிடு.

பத்மசர் ஏரிப் பக்கம் இறங்கும்போது சரளைக்கல்லில் அப்பாவின் முழங்கால் பிடித்துக்கொண்டது. டெல்லியில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் அன்றைக்கு அங்கே நடக்க வந்திருந்தார்கள், தமிழ்ச் சத்தம் கேட்டு ஓடிவந்து, நிழலில் உட்கார வைத்து, உப்பு சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுத்து, இரண்டு பக்கமும் தோள் கொடுத்து வாசல் வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். தங்கள் நடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள்! தம்பிகளா, தங்கச்சிகளா, அப்பா இப்போது நன்றாக நடக்கிறார், உங்களைத்தான் விசாரித்துக்கொண்டே இருக்கிறார். மலை மந்திர் பக்கம்தான் நம்ம வீடு, அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசியம் சாப்பிட வாங்க.