எடின்பரோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

ஹோட்டல் வரவேற்பில் அப்படி என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். அறைச் சாவி கொடுப்பது, பில் போடுவது எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது வேறு. இங்கே நாயோடு ஊர் சுற்ற வருபவர்கள் நிறைய. பெட்டியை இறக்கியதுமே, "பக்கத்தில் இவனை எங்கே நடக்கக் கூட்டிப்போகலாம்?" என்றுதான் கேட்பார்கள். அவர்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று விடுமுறை நாட்களில் ஒவ்வொரு பாதையாக நானே நடந்து பார்த்துவிட்டேன்.

முதலில் நாயின் வயதைக் கேட்பேன். வயதான நாய் என்றால் லீத் ஆற்றோரப் பாதை. பலெர்னோவில் தொடங்கி லீத் வரை சுமார் 20 கிலோமீட்டர். முழுவதும் நடக்க வேண்டியதில்லை. நடுவில் எங்கேயும் இறங்கலாம், களைத்தால் மேலே ஏறி பஸ் பிடிக்கலாம். ஓட்டுநர் சரி என்றால் நாயும் பஸ்ஸில் வரலாம். மரநிழலும் தண்ணீர்ச் சத்தமுமாக, நகரத்துக்குள் இருப்பதே மறந்துபோகும். நம் வீட்டு நாய் மணிக்கு ஏற்ற பாதை இதுதான் என்று நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

துள்ளுகிற வயது என்றால் ஹோலிரூட் பூங்கா. ஊர் நடுவிலேயே 251 மீட்டர் உயரத்துக்கு ஆர்தர்ஸ் சீட் என்ற குன்று நிற்கிறது. எப்போதோ அணைந்துபோன எரிமலை. பாறை விளிம்பு இருப்பதால் வாரைக் கையிலிருந்து விடாதீர்கள் என்று சொல்லி அனுப்புவேன். மணலில் ஓட போர்ட்டோபெல்லோ கடற்கரை இருக்கிறது. கிராமண்ட் தீவுக்கு மட்டும் கடல்நீர் ஏறி இறங்கும் நேரம் பார்க்காமல் யாரையும் அனுப்ப மாட்டேன். நீர் வற்றும்போது நடந்தே போகலாம், ஏறிவிட்டால் பாதை மூழ்கிவிடும். அங்கே மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

அப்பா, ஸ்காட்லாந்தில் 2003-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பெரும்பாலான நிலங்களில், அது தனியார் நிலமாகவே இருந்தாலும், பொறுப்போடு நடந்துபோக எல்லோருக்கும் உரிமை உண்டு. நாயையும் கூட்டிப்போகலாம், அது நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கிருந்தோ வந்த எனக்கும் அதே உரிமை என்று தெரிந்த அன்று மனதுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா!

பொறுப்பு என்பதை இங்கே லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆட்டுக்குட்டிகள் இருக்கும் வயலுக்குள் நாயோடு போகக் கூடாது. ஏப்ரல் முதல் ஜூலை வரை தரையில் கூடு கட்டும் பறவைகள் இருக்கும் இடங்களில் வாரைக் குட்டையாகப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நாய் காலடியிலேயே வர வேண்டும். கழிவை அள்ளிக்கொள்ள எல்லோர் பையிலும் உறை இருக்கும். மாடுகள் சீறி வந்தால் மட்டும் நாயை விட்டுவிட வேண்டும். அது ஓடித் தப்பித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டு நின்றால் நமக்குத்தான் ஆபத்து. மலைப்பக்கம் போகிறவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்கிறேன்.

டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆற்றோரம் பொறுமையாக நடக்கலாம். அதனால் நீங்கள் இங்கே வர விசாவுக்கு எழுதும்போது ஜூன் மாதத்தையே போடுங்கள். அம்மாவுக்கு நல்ல பிடிமானமுள்ள ஷூ ஒன்று வாங்கிவிடுங்கள், மழை பெய்தால் அந்தப் பாதை வழுக்கும்.

அன்புடன்,
உங்கள் மகள்