பரளிக்காடு பரிசல் துறையிலிருந்து நன்றி

கோவை மாவட்டம் பில்லூர் அணை நீரில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப்போகும் எங்கள் பரிசல் மறுபடி ஓடுகிறது. விசாரித்தவர்கள் நிறையப் பேர், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்த பிறகு அணையோரத்து எங்கள் இருளர் பழங்குடி ஊர்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்கே தெரியும். அரிசி, பருப்பு, மருந்து என்று மலையேற்றிக் கொண்டுவந்தவர்கள், வனத்துறை ஊழியர்கள், பழைய பாக்கியைக் கேட்காமல் புதுக் கணக்கு எழுதிய காரமடைக் கடைக்காரர்கள், எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எங்களுக்கு அவர் திருப்பூர் அண்ணன்.

திறந்த புதிதில் குடும்பத்தோடு வந்திருந்தார். பூட்டிக் கிடந்த காலத்தில் லைஃப் ஜாக்கெட் பட்டைகளை எலி கடித்துப் போட்டிருந்தது. ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்ற மாட்டோம் என்பதால் பாதிப் பரிசல்கள் கரையிலேயே கிடந்தன. அண்ணன் கிழிந்த ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டையின் அகலத்தை விரலால் அளந்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை தையல் மெஷினையும் ஒரு கட்டுப் பட்டையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பனியன் கம்பெனி டைலர் என்பதே அன்றுதான் தெரிந்தது. குழந்தைகள் போடுவதை முதலில் எடுத்தார். ஒவ்வொன்றையும் தைத்து, பரிசல்காரர் ஒருவரை மறுமுனையைப் பிடித்து இழுக்கச் சொல்லி, தாங்கினால்தான் கீழே வைத்தார். கூலி என்று பேச்செடுத்ததும் கோபம் வந்துவிட்டது. களியும் கீரையும் மட்டும் சாப்பிட்டார். அவருக்கும் மாதக்கணக்கில் வேலை இல்லாமல் இருந்ததை அப்புறம் அண்ணி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

அரிசி வந்தபோது பசி அடங்கியது, அதை மறக்க மாட்டோம். ஆனால் பரிசல் ஓடினால்தான் துடுப்புப் போடுகிறவருக்கும், சமைக்கும் பெண்களுக்கும், காட்டுக்குள் கூட்டிப்போகும் பையன்களுக்கும் வருமானம். சனி, ஞாயிறு கிடைக்கும் அந்தக் காசை நம்பித்தான் எங்களில் பலர் கூலி வேலை தேடிக் கீழே இறங்காமல் சொந்த ஊரில் இருக்கிறோம்.

இனி ஞாயிறு மாலை எல்லா ஜாக்கெட்டையும் காயவைத்து, எலிக்கு எட்டாத உயரத்தில் மாட்டாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அன்று அண்ணனிடம் தையல் கற்றுக்கொண்ட பெண்கள் இருவர், பிரிந்த இடங்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணா, முதல் தடவை வந்தபோது உங்கள் பிள்ளைகள் பரிசல் ஏறாமலே திரும்பினார்கள். பள்ளி விடுமுறைக்கு அவர்களைக் கூட்டி வாருங்கள். கட்டணத்தை நாங்கள் கட்டிவிடுகிறோம். குழுக் கூட்டத்தில் பேசியாயிற்று, மறுக்கக் கூடாது.