வலி மாத்திரை: பறிமுதல் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலி நிவாரணி மாத்திரைகளை நீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் கைதான செய்தி, ஊர்ப்பெயர் மட்டும் மாறி, தங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. எத்தனை அட்டைகள் பறிமுதலாயின என்பது தவறாமல் இடம்பெறுகிறது. அந்த மாத்திரை இல்லாமல் மறுநாள் காலை படுக்கையைவிட்டு எழ முடியாதவனுக்கு என்ன வைத்தியம் என்பது இடம்பெறுவதில்லை. முப்பது ஆண்டுகளுக்குமேல் மருந்துக்கடையில் நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2018 ஏப்ரலில் டிரமடால் என்ற அபின் வகை வலி மாத்திரை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்ட பிறகு, எங்கள் கடைக்கு வந்து அதைக் கேட்டவர்கள் அதே வகையைச் சேர்ந்த டபென்டடால் கேட்கத் தொடங்கினார்கள். ஒருநாள் மாலை ஒரு பையன் கைபேசியில் மருந்துச்சீட்டின் படத்தைக் காட்டிப் பத்து அட்டை கேட்டான். சீட்டில் இருந்தது அவன் அப்பாவின் பெயர்; தேதி இருந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்திருந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, விடாமல் கொட்டாவி விட்டான், சித்திரை வெக்கையிலும் அவன் கையில் மயிர் குத்திட்டு நின்றது. பழகிய மாத்திரை கிடைக்காதபோது வரும் அறிகுறிகள் இவை. கொடுக்க மறுத்துவிட்டேன், சட்டப்படி அது சரிதான். ஆனால் அவனை எங்கே போகச் சொல்வது என்று எனக்கும் அப்போது தெரிந்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட பழக்கங்களில் சிலவாவது முறையான சீட்டில்தான் தொடங்குகின்றன. எலும்பு முறிவுக்கு ஐந்து நாளைக்கு எழுதப்பட்டது, நோயாளியை மறுபடி பார்க்காமலேயே மாதக்கணக்கில் நீள்வதை நான் கண்டிருக்கிறேன். குறைந்த நாட்களுக்கு எழுதுவதும், குடிப்பழக்கம் உண்டா, தூக்க மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்பதும் மருத்துவருக்குப் பெரிய சுமையல்ல. அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையோ மதுவோ இந்த வலி மாத்திரையுடன் சேரும்போது மூச்சே அடங்கிவிடக்கூடும். நீண்டநாள் எடுத்தவருக்குத் திடீரென நிறுத்தாமல் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. வாய்ப்புற்று முற்றி, வலியில் உறங்காமல் கிடந்த ஒரு மூதாட்டிக்கு, அபினிலிருந்து எடுக்கப்படும் வலி மருந்தான மார்ஃபின் கேட்ட மகளிடம், "பழக்கமாகிவிடும்" என்று ஒரு மருத்துவர் சொல்லி அனுப்பினார். அந்த அம்மாவுக்கு மிஞ்சியிருந்தவை சில வாரங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின், கூடவே ஒரு மலமிளக்கி என்பது நோய்த்தணிப்புச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அன்றாடப் பாடம். பல உரிமங்களுக்கு அலைய வேண்டியதில்லை, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையமே மார்ஃபின் வைத்துக்கொள்ளலாம் என்று 2014-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் திருத்தப்பட்டுவிட்டது. சோதனைகள் கடுமையாகும்போதெல்லாம் இந்த மருந்தை வாங்கி வைக்கவே மருத்துவமனைகள் தயங்குமானால், திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரரை வெளியே நிறுத்திய கதையாகிவிடும்.

இனி, பழக்கத்துக்கு அடிமையானவருக்கான சிகிச்சை பற்றி. பத்து நாள் அறையில் அடைத்துவைத்து 'சுத்தமாக்கி' அனுப்புவதே வைத்தியம் என்று பல குடும்பங்கள் நம்புகின்றன. அந்தப் பத்து நாளில் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. வெளியே வந்தவன் பழைய அளவையே எடுத்தால் உயிர் போகலாம். அதே அபின் வகையைச் சேர்ந்த, ஏக்கத்தை அடக்கும் மருந்துகளான மெத்தடோனையோ, நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரினார்ஃபினையோ மருத்துவக் கண்காணிப்பில் மாதக்கணக்கில், தேவையானால் ஆண்டுக்கணக்கில் தருவது, மீண்டும் அதே பழக்கத்தில் விழுவதையும் இறப்பையும் குறைக்கிறது. 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா' என்று கேட்பவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்பவரை அப்படிக் கேட்பதில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் ஊசியில் போதை ஏற்றுபவர்களுக்கென்று இந்தச் சிகிச்சையை ஏற்கெனவே நடத்திவருகிறது. மாத்திரையாக விழுங்குபவருக்கும் எட்டும்படி, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு ஒவ்வொன்றிலும் இது கிடைக்க வேண்டும்.

சொந்த உபயோகத்துக்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை நோயாளி, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழிசெய்கிறது. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம் என்பதும் அதிலேயே உண்டு. காவல் நிலையத்தில் பெற்றோருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்கிறார்களா?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய கைதுச் செய்தி வெளியாகும் ஒவ்வொரு முறையும், அதன் அடியில் போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா உதவி எண் 14446-ஐ ஒரு வரியில் அச்சிடுங்கள். அன்றைக்கு அந்தப் பையனிடம் எழுதிக்கொடுக்க என்னிடம் அதுகூட இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தஞ்சாவூர்.