தம்பிக்கு, ரிக்கற் போட்ட பிறகு

தம்பி,

கனடாவை விட்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. போகிறவனுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோ பேஸ்மென்ற்களில் உன்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால் ஊரறிய எழுதுகிறேன். ஊர் வாசிக்கும் என்பதாலேயே கார்த்திகை மாதத்து அந்த இரவைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் எழுத மாட்டேன். அது உனக்கும் எனக்கும் தெரியும், போதும்.

கிளினிக்கில் உனக்குத் தந்த படிவம்தான் மண்டையை விட்டுப் போகுதில்லை. தொழில் என்ற இடத்தில் 'சிவில் எஞ்சினியர்' என்று எழுதினாய். பேந்து அதை ஒரே கோட்டால் வெட்டினாய். பக்கத்தில் வேறொன்றை எழுதப் போய், முதல் எழுத்தோடு நிறுத்திவிட்டாய். வரவேற்பில் இருந்த பெண் பேனையால் அந்தக் கட்டத்தைத் தட்டிக் காட்டினாள். நீ சிரித்தாய். உள்ளே போனதும் வைத்தியர் நெஞ்செரிவைப் பற்றிக் கேட்டார், நீ நெஞ்செரிவைப் பற்றியே சொன்னாய். எங்கட ஆம்பிளையளின் மனவருத்தம் வயிறாகவும் முதுகாகவும் தலையிடியாகவும்தான் வைத்தியரிடம் போகிறது. மருந்துச் சீட்டோடு திரும்பி வருகிறது. நித்திரை எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீ 'ஓகே' என்றுதான் சொல்லியிருப்பாய்.

புதுநாட்டுக்கு வந்தவர்களுக்கு எல்லோரும் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது: முதலில் தேனிலவு, பிறகு சரிவு, பிறகு ஏற்றம். 1950களில் ஓபெர்க், லிஸ்கார்ட் போன்ற ஆய்வாளர்கள் எழுதியதிலிருந்து வந்த யூ வடிவ வளைவு அது. உளவியல் ஆய்வாளர் கொலீன் வார்டும் கூட்டாளிகளும் நியூசிலாந்துக்கு வந்த யப்பானிய மாணவர்களை வந்திறங்கிய நேரத்திலிருந்தே பின்தொடர்ந்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். மனவருத்தம் உச்சத்தில் இருந்தது தொடக்கத்திலேதான், தேனிலவைக் காணவில்லை. முதல் மாதங்களில் நீ சந்தோசமாக இருந்ததாக வீட்டில் எல்லோரும் நினைத்தோம். நீ அலுவலாக இருந்தாய், அவ்வளவுதான். சின் என்ற சமூகக் காப்புறுதி இலக்கம், ஹெல்த் கார்ட், வங்கிக் கணக்கு, வாகனம் ஓட்ட ஜீ வன் எழுத்துப் பரீட்சை. வரிசை முடிந்ததும் அடியில் இருந்தது மேலே வந்தது.

வார்டின் இன்னொரு பிரிப்பு எனக்கு இதைவிடப் பெரிது. ஒரு நாட்டில் புழங்கத் தெரிவது வேறு, அங்கே மனம் சுகமாக இருப்பது வேறு. புழக்கம் பழகப் பழக வரும், உள்ளூர்ச் சனத்தோடு கதைக்கக் கதைக்க வரும். மனச்சுகம் ஆதரவையும், வாழ்க்கையில் நடப்பதையும், ஆளின் சுபாவத்தையும் பொறுத்தது. உனக்குப் பஸ் மாறத் தெரிந்தது, வரி நீயே கட்டினாய், மனேச்சரோடு நேரே கதைத்தாய். 'அவன் செற்றில் ஆயிட்டான்' என்று சொந்தக்காரர் முடிவு கட்டினார்கள். கீழே கிடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

செத்த வீட்டுக்கு எங்களிடம் எட்டுச் சடங்கு இருக்கிறது, அந்தியேட்டி இருக்கிறது. அழுவதற்கு நாள் குறித்துத் தருகிறோம். நீ இழந்தது சாகவில்லை. அம்மா வட்ஸ்அப்பில் இருக்கிறா, வீடு அதே ஒழுங்கையில் இருக்கிறது, உன் பட்டம் கோவைக்குள் இருக்கிறது. பவுலின் பாஸ் என்ற உளவியல் சிகிச்சையாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். முடிந்தது என்று சொல்ல முடியாததால் துக்கம் தொடங்கவும் மாட்டுது, ஓயவும் மாட்டுது.

அந்த ஏஜென்சி வேலைக்கு உன்னை அனுப்பியதற்கு மன்னித்துக்கொள். வாடகை முதலாம் திகதி வரும், பொறியியல் உரிமம் அப்படி வராது. ஒன்ராறியோவில் கனடா அனுபவம் வேண்டும் என்ற விதியை 2023 வைகாசியிலேயே எடுத்துவிட்டார்கள். 48 மாத அனுபவம் எந்த நாட்டிலிருந்தும் இருக்கலாம் என்று உனக்கு நான் அனுப்பியதை நீ திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குள் 'அக்கா மாறிப்போனா' என்று அம்மாவிடம் சொல்ல நேரம் இருந்தது. ஓம், மாறினேன். இங்கே மாறாமல் உனக்கு ஒரு அறை வைத்திருக்க ஏலாது.

நித்திரைக்கு வருகிறேன், ஏனென்றால் நீ முடிவெடுத்தது நித்திரை இல்லாத தலையோடு. காலை ஏழுக்கு இரவு வேலையால் வருவாய். மாரியில் அப்போது யாழ்ப்பாணத்தில் பின்னேரம் ஐந்தரை. அம்மாவோடு கதைக்கத் தொடங்கினால் ஒன்பது, ஒன்பதரை. பதினொன்றுக்குப் படுத்து இரண்டுக்கு எழும்பினாய். போகும் வரைக்குமாவது இதைச் செய்: காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, லீவு நாளிலும், கட்டாயம் படு. மிச்ச நித்திரை முன்பின்னாக வரட்டும், இந்த நாலு மணித்தியாலம் அசையக்கூடாது. வீட்டுக்கு வரும்போது கறுப்புக் கண்ணாடி போடு, யன்னலுக்குத் தடித்த திரை போடு. அம்மாவுக்கு வேலைநாளில் குரல்பதிவு அனுப்பு, லீவு நாளில் ஆறுதலாகக் கதை. மார்கழியில் பகல் ஒன்பது மணித்தியாலம்தான், அதை முழுக்க நித்திரையில் விடாமல் எழும்பியதும் வெளியே நட. இரண்டு கிழமைக்கு மேல், அநேகமாக ஒவ்வொரு நாளும், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் வைத்தியரிடம் அதையே சொல்ல வேண்டும், நெஞ்செரிவை அல்ல. ஆங்கிலத்தில் சொல்ல வராதவர்கள் 211 என்ற உதவித் தகவல் இலக்கத்துக்கு அடித்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். சாக நினைப்பு வந்தால் 988க்கு அடிக்கலாம், எந்த நேரமும்.

இனிப் போகும் அலுவல். கோபத்தில் நிரந்தர வதிவிடத்தைத் துறக்கும் படிவத்தில் கையெழுத்து வைக்காதே. ஐந்து வருடத்தில் 730 நாள் இங்கே இருந்தால் போதும், மிச்சம் நீ எங்கேயும் இருக்கலாம். வதிவிடக் கார்ட் காலாவதியானால் வதிவிடம் போய்விடாது, ஆனால் செல்லுபடியான கார்ட் இல்லாமல் திரும்பப் பிளேன் ஏறுவது கரைச்சல், அதன் திகதியைப் பார்.

ஊரும் உன்னைப் பழையபடி வைத்திருக்காது. சமூகவியலாளர்களான கலஹோர்ன் தம்பதியர் 1963இலேயே எழுதினார்கள், திரும்பிப் போகிறவருக்கும் ஒரு சரிவு உண்டு என்று. முதல் கிழமை எல்லோரும் வருவார்கள். பிறகு, 'ஏன் திரும்பி வந்தனீ?' என்று சந்தியில் வைத்துக் கேட்பார்கள். பதிலை இப்போதே யோசித்து வை, ஒரு வரியில். விளக்கம் சொல்லத் தொடங்கினால் விடமாட்டார்கள்.

அங்கே நிற்கும்போது, இங்கத்தைய பொறியியல் உரிமத்துக்காக, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் உன் பாடப் பெறுபேறுகளை எடு. வேலை செய்த இடத்தில், எத்தனை மாதம், என்னென்ன வடிவமைப்பு வேலை, யாருக்குக் கீழே என்று விவரமாக ஒரு கடிதம் வாங்கு. உன்னோடு வேலை செய்த மூத்த எஞ்சினியர் ஓய்வு பெறப்போகிறார் என்றாயே, அவரை முதலில் பிடி.

அக்கா