பையப் போ மக்கா

அன்புள்ள மக்கா,

ஓணத்துக்கு முன்னால் உனக்கு எழுதியது. இப்போது கார்த்திகை பிறந்து, மாலை போட்டவர்களின் வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. நடுவில் நீ இரண்டு தடவை கூப்பிட்டாய். முதல் தடவை நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை போனைக் கையில் வைத்துக்கொண்டே எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

வீட்டில் எல்லாரும் சுகம். வீட்டுக்காரிக்கு முட்டு வலி, மழை வந்தால் கூடும். சின்னவளுக்கு மார்ச்சில் பிரசவம். உன் பங்குத் தென்னையில் இந்த வருஷமும் காய் இல்லை, கேட்காதே. கணக்கு சாரைப் போன மாதம் வழியில் பார்த்தேன். "உன் கூட்டாளி என் சாக்பீஸை இன்னும் திருப்பித் தரல" என்றார். எண்பது தாண்டியும் மனுஷன் அதை விடுவதாக இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம சானல்கரை ரோடு நீ கடைசியாகப் பார்த்தபோது எப்படி இருந்தது? ஆட்டோக்காரன் முக்கிலேயே இறக்கிவிட்டுப் போவான். மழை பெய்தால் சானல் எது, ரோடு எது என்று தெரியாது. ரோடு போடச் சொல்லி நாமெல்லாம் மறியல் இருந்தோமே, குழியில் வாழைக்கன்று நட்டுவிட்டு நீ போஸ் கொடுத்தாயே, அந்த ரோடு போன வருஷம் வந்தேவிட்டது. கன்னங்கரேலென்று, காலில் செருப்பில்லாமல் நடக்கலாம் போல. முதல் நாள் சாயங்காலம் தெருவே வெளியில் வந்து நின்று பார்த்தது. மேலவீட்டு அக்கா சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அந்த ஒரு சாயங்காலத்தோடு சரி. அப்புறம் தெருவில் யாரும் நிற்கவில்லை.

மார்த்தாண்டத்தில் நெரிசல் என்றால், கூகுள் மேப் நம்ம தெருவைக் காட்டுகிறது மக்கா. திருவனந்தபுரத்துக்காரன் ஒருத்தன் என்னிடமே வண்டியை நிறுத்தி, "சேட்டா, இது ஹைவேக்குப் போகுமா?" என்று கேட்டான். நம்ம தெருவை! இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒரு கார் சானலை எட்டிப் பார்க்கணும். வீட்டுப் படி இறங்கினால் அடுத்த அடி ரோடு. காலையில் கல்லூரி பஸ்கள், பகலில் ஜல்லி ஏற்றிய டிப்பர்கள், இருட்டினால் சைலன்ஸரைக் கழற்றிப்போட்ட பைக்குகள். உன் யெஸ்டி பைக் சத்தம் ஞாபகம் இருக்கா? அதெல்லாம் தாலாட்டு. சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு பறந்தாயே, அன்றைக்கு நான் கும்பிடாத சாமி இல்லை. இப்போது அதே மாதிரி ஒருத்தன் வாசலில் போனால் "எந்த நாசமாப் போறவன்" என்கிறேன். வயசு.

கலுங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வளைவு இருக்கிறதே, பலா மரம் நிற்கிற இடம். அங்கேதான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கே கடக்கும். ஜூனில் ஒரு நாள் ஒரு பைக்கின் கண்ணாடி இடித்து, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் தண்ணீர் பாட்டில் தெறித்து சானலில் விழுந்தது. பையனுக்கு ஒன்றுமில்லை. பாட்டில் மட்டும் மிதந்துகொண்டே போனது. அவன் அதைப் பார்த்துத்தான் அழுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஓவர்சியர் அண்ணனும் நானும் இரண்டு கரண்ட் கம்பங்களுக்கு நடுவே டேப் பிடித்து 50 மீட்டர் அளந்து சுண்ணாம்பில் கோடு போட்டோம். கணக்கு எளிது: 50 மீட்டரை 6 நொடியில் கடந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர். 3 நொடி என்றால் 60. நான் ஸ்டாப் வாட்சும் அவர் நோட்டும் வைத்துக்கொண்டு சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். 3 நொடிக்குள் கடந்தால் சிவப்பு மை, மற்றதெல்லாம் நீல மை. சாயங்காலத்துக்குள் சிவப்புப் பேனா தீர்ந்துபோய் அவர் பேரனின் ஸ்கெட்ச்சை வாங்கிவரவேண்டியதாயிற்று.

உனக்கு ஒரு கணக்கு சொல்லட்டுமா? கோபப்படாதே, வாத்தியார் புத்தி. ஒரு பிள்ளை குறுக்கே ஓடுகிறது. பார்த்து, காலை எடுத்து பிரேக்கில் வைக்க ஒரு நொடி ஆகிறது என்று வை. 30-இல் வருகிறவன் அந்த ஒரு நொடியில் 8 மீட்டருக்குக் கொஞ்சம் கூடப் போவான், பிரேக் பிடித்து இன்னொரு 5 மீட்டர், மொத்தம் 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50-இல் வருகிறவன் அதே ஒரு நொடியில் 14 மீட்டர் போயிருப்பான். முதல்காரன் நின்ற இடத்தில் இரண்டாமவன் கால் இன்னும் பிரேக்கைத் தொடவே இல்லை. அதாவது முழு 50-இல் இடிப்பான். இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பில் முப்பது வருஷம் போர்டில் போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அது எனக்கு இரண்டு மார்க் கேள்வி மட்டும்தான்.

நோட்டோடு மனு கொடுக்கப் போனோம். முதல் அலுவலகத்தில் "இது எங்க ரோடு இல்லை" என்றார்கள். இரண்டாவதில் "போட்டது நாங்கதான், ஆனா வேகத்தடைக்கு அவங்க கடிதம் வேணும்" என்றார்கள். திங்கட்கிழமை நாகர்கோவில் போய்க் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் வரிசையில் நின்றோம். ரசீது கொடுத்தார்கள். அதைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் திரிந்தேன். அவ்வளவுதான் அந்தக் கதை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

செப்டம்பரில் ஒரு ராத்திரி, மேலவீட்டில் மாடி கான்கிரீட் போட்டது போக மீதி இருந்த ஜல்லியும் சிமென்டும் கிடந்தது. இளவட்டங்கள் நாலைந்து பேர் வந்து, "சார், நாமளே கட்டிரலாம்" என்றார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கணும். சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமில்லை, டார்ச் பிடித்தது நான்தான். பலா மரத்துக்குப் பத்தடி முன்னால், ரோட்டுக்குக் குறுக்கே, ஒரு முழ அகலத்தில் அரை அடி உயரத்துக்கு வரப்பு மாதிரி கட்டினோம். ஒரு மணிக்கு வேலை முடிந்தது. கட்டஞ்சாயா குடித்தோம். திருட்டு மாங்காய் பறித்த மாதிரி எல்லாருக்கும் ஒரு சிரிப்பு. காய்வதற்குச் சாக்கு போட்டு மூடி, இரண்டு பக்கமும் ஓலை வெட்டிப் போட்டோம். வெள்ளை அடிக்க நாளைக்குச் சுண்ணாம்பு வாங்கலாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனோம்.

மூன்றாம் நாள் சாக்கையும் ஓலையையும் எடுத்தோம். சுண்ணாம்பு வாங்கவில்லை. நான் வாங்குவேன் என்று அவர்கள், அவர்கள் வாங்குவார்கள் என்று நான்.

நான்காம் நாள் விடிகாலை. இன்னும் இருட்டு. முதலில் ஒரு தகரச் சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், நம்ம மீன்காரர். உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குக் கடனுக்குச் சாளை கொடுப்பாரே, அவரேதான். அவர் டிவிஎஸ் 50 என்றைக்காவது முப்பதைத் தாண்டியிருக்குமா? முன்சக்கரம் நம் வரப்பில் ஏறி அப்படியே சாய்ந்திருக்கிறது. ஐஸ் பெட்டி உடைந்து ரோடு முழுக்கச் சாளை. டார்ச் வெளிச்சத்தில் மின்னுகிறது. அவர் எழுந்திருக்கப் பார்க்கிறார், வலது கை வரமாட்டேன் என்கிறது. தோள் எலும்பு.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அந்த வலியிலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் சாரே, ஒரு வெள்ளக் கோடு போட்டிருக்கலாம்லா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பறக்கிறவன் எவனும் விழவில்லை மக்கா. ஓலையை எடுத்த அன்றைக்குப் பகல் முழுக்கப் பெரிய கார்க்காரன் ஒரு குலுக்கலோடு தாண்டிப் போய்க்கொண்டேதான் இருந்தான். விழுந்தது ஊர்ந்து வந்த மனுஷன். நீ இரண்டாவது தடவை கூப்பிட்டது அந்த வாரம்தான்.

போலீஸில் அவர் புகார் கொடுக்கவில்லை. ஆனால் எஸ்.ஐ. ஒருவர் வந்து, "வாத்தியாரா இருந்துட்டு இப்படியா? அனுமதி இல்லாம ரோட்ல கட்டினா கேஸ் போடலாம், தெரியுமா" என்று தெரு நடுவில் வைத்துக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கே கடப்பாரையால் உடைத்து எடுத்தோம். கட்ட இரண்டு மணி நேரம், உடைக்க ஒரு பகல். ஆஸ்பத்திரிச் செலவைத் தெரு பங்கு போட்டுக்கொண்டது. அவர் வாங்க மாட்டேன் என்றார். அவர் மகள் வாங்கிக்கொண்டாள். அவள் செய்தது சரி.

அதற்கப்புறம் எனக்கு வேகத்தடைப் பைத்தியம் பிடித்துவிட்டது. வீட்டுக்காரி சொல்கிறாள், சாப்பிடும்போதும் சோற்றில் வரப்பு கட்டுகிறேனாம். தேடிப் படித்ததில் வெட்கமாகப் போய்விட்டது. ரோட்டுக்கு விதி எழுதுகிற அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-இலேயே இதற்கென்று விதி எழுதி, 2018-இல் திருத்தியும் விட்டது. 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரத்தில் தடவிவிட்ட மாதிரி வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் சுகமாக ஏறி இறங்கலாம், வேகம் கூடக் கூடக் குலுக்கல் கூடும். 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை. மேலே கறுப்பு வெள்ளைப் பட்டை. நாங்கள் கட்டியது நேர் எதிர். குறுகலாக, செங்குத்தாக இருந்தால் நல்ல ஸ்பிரிங் உள்ள வண்டி வேகமாக வந்தால் அந்த அடியை ஸ்பிரிங்கே வாங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கிறவனுக்குப் பெரிதாகத் தெரியாது. மெதுவாக வருகிற இரண்டு சக்கரத்தைத்தான் கவிழ்க்கும். அந்த 3.7 மீட்டர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 12 அடி. இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் 1973-இல் பலவித உருவம் கட்டி வண்டி ஓட்டிப் பார்த்துக் கண்டது.

இன்னொன்று கேள், இது உனக்குப் பிடிக்கும். நம்மை எக்ஸ்ரே சிதறல் என்று பிளஸ் டூவில் வாட்டினாரே காம்ப்டன், 1927-இல் நோபல் வாங்கினவர். அமெரிக்காவில் செயின்ட் லூயியில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக இருந்தபோது, வளாகத்துக்குள் கார்கள் பறக்கின்றன என்று 1953-இல் அவரே உட்கார்ந்து ஒரு வேகத்தடையை வடிவமைத்தாராம். நோபல் வாங்கினவர் பேப்பரும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். முப்பத்தொரு வருஷம் அவர் பெயரைச் சொல்லிச் சம்பளம் வாங்கின நான் டார்ச் பிடித்திருக்கிறேன்.

இப்போது நிலைமை என்ன என்று கேட்பாய். அந்த எஸ்.ஐ.யே நல்ல மனுஷன்தான். இரண்டு பேரிகார்டு கொடுத்தார். ஒன்றை இந்த ஓரத்திலும் இன்னொன்றைப் பதினைந்து மீட்டர் தள்ளி அந்த ஓரத்திலும் வைத்து வண்டி வளைந்து போகிற மாதிரி செய்தோம். பழைய சிவப்பு நீல நோட்டை எடுத்து மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தால், நீல மை கூடுகிறது! அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ரோடு நேராக, காலியாக, வழுவழுப்பாக இருந்தால் எவன் காலும் தானாக ஆக்சிலேட்டரை அமுக்கும். யெஸ்டியில் உன் கை முறுக்கவில்லையா? குழி இருந்தவரை குழிதான் நமக்குப் போலீஸ். இதை மேலவீட்டு அக்காவிடம் சொன்னேன். "அப்போ திரும்ப வாழைக்கன்று நடவா?" என்றாள்.

பள்ளிக்கூட நேரத்தில் டிப்பர் வராமல் தடுக்கக் கேட்டிருக்கிறோம். முறையான வேகத்தடைக்கு ஒரு உதவிப் பொறியாளர் வந்து அளந்துவிட்டுப் போனார். ஆம்புலன்ஸ் போகிற வழி என்பதால் ஒன்றுதான் தரமுடியும், அதுவும் வளைவில் கூடாது, தள்ளித்தான் என்றார். தெருவில் அதற்கும் சண்டை. யார் வாசலுக்கு முன்னால் வருவது? வண்டி ஏறி இறங்குகிற சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்குமே. வேகத்தடை வேண்டும் என்று கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும், அடுத்த வீட்டு முன்னால் வேண்டும் என்கிறார்கள். கடைசியில் என் வாசலுக்கு முன்னால் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை.

அதனால்தான் உன்னைப் பிடிக்கிறேன். இருபது வருஷம் மஸ்கட்டில் ரோடு போட்டவன் நீ. தெருவின் அளவெல்லாம் ஒரு தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். வளைவுக்கு இரண்டு பக்கமும் ரோட்டைக் கொஞ்சம் குறுக்கி, ஓரத்தில் ஒரு நடை மேடை மாதிரி கொண்டுவர இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல். பலா மரத்தை வெட்டச் சொல்லாதே, அது முடியாது. சிரிக்காமல் பதில் எழுது. பாதி சிரித்தாலும் பரவாயில்லை.

பையன்கள் ஒரு தகரப் பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள், "பையப் போ மக்கா" என்று. "மெதுவாகச் செல்லவும்" என்று இருக்கணும் என்று ஓவர்சியர் அண்ணனுக்குக் கோபம். கே.எல். நம்பர் போட்ட கேரளா வண்டிக்காரனுக்கு இரண்டும் புரியாது என்று நான் சொன்னேன். அது தப்பு. முந்தாநாள் ஒருத்தன் வண்டியை நிறுத்தி அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

மீன்காரர் போன வாரம் திரும்ப வந்தார். கையில் இன்னும் கட்டு, வண்டி ஓட்டுவது மகன். உன் அம்மா இருந்தால் சண்டை போட்டு வாங்குவாளே, அந்த மாதிரி நல்ல நெத்திலி. காசு கொடுத்தேன், எண்ணி வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது பார்த்தேன், நாங்கள் உடைத்து எடுத்துத் தார் ஒட்டுப்போட்ட இடம் வந்ததும் மகன் தோளைத் தட்டுகிறார். அங்கே இப்போது ஒன்றுமே இல்லை. அவன் பிரேக் பிடித்து, பைய உருட்டித்தான் தாண்டினான்.

பொங்கலுக்கு வருவாயா மாட்டாயா என்று தெளிவாக எழுது. வந்தால் ரோட்டில் நின்று பேச முடியாது, படியில்தான் உட்காரணும்.

உன்,
டார்ச்சுக்காரன்