செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படு

அன்பு மகளுக்கு,

இன்றோடு பதினேழு நாள். நீ கடைசியாக அனுப்பியது ஒரு கட்டைவிரல் படம். அம்மா கேட்டது "சாப்பிட்டியா பிள்ளை" என்று, அதற்குக் கட்டைவிரல். சாப்பிட்டுவிட்டாய் என்று எடுப்பதா, கேள்வி கிடைத்தது என்று எடுப்பதா என்று நானும் அவளும் அன்றிரவு வெகுநேரம் சண்டை பிடித்தோம்.

இங்கே எல்லோரும் சுகம். மழை பிந்திவிட்டது, தம்பி மோட்டார் சைக்கிள் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான், கச்சேரி மாமாவுக்குக் கண் ஒப்பரேசன் முடிந்துவிட்டது. வேறு செய்தி இல்லை. இருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை.

நீ தொண்டு நிறுவன வேலையில் அத்ரேயில் இருந்தவரை எனக்குப் பெரிதாகப் பயம் இல்லை. அது சாட் நாட்டுக்குள், எல்லைக்கு அந்தப் பக்கம்தான் சூடான். "ஒரு சின்ன வேலை அப்பா, தவிலா வரை போய்வருகிறேன்" என்று கடைக்கு உப்பு வாங்கப் போகிறவள் போலச் சொன்னாய். தவிலா சூடானுக்குள். அன்றிரவே தேடி வாசித்தேன். அங்கத்தைச் சண்டையில் 2025 ஏப்ரலில் ஜாம்ஜாம் அகதி முகாமை அடித்தபோது சனம் நடந்தும் கழுதையிலும் வந்து சேர்ந்த இடம். ஒக்ரோபரில் எல் பாஷர் நகரம் விழுந்தபோதும் அங்கேதான் ஓடி வந்தார்கள். எல் பாஷரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீற்றர். அந்த வழியில் யார் பிள்ளையைத் தவறவிட்டிருப்பார்கள், யார் கிழவியை மரத்தடியில் இருத்திவிட்டு வந்திருப்பார்கள் என்று நீ எனக்கு விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் நின்றவன் நான். நீ அப்போது பிறக்கவில்லை, அம்மா சொல்லிக் கேட்டிருப்பாய்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. அங்கே வாந்திபேதி என்று செய்தியில் சொல்கிறார்கள். பாஸ்போட்டை பையில் வைக்காதே, உடம்போடு வைத்திரு. இரவில் செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படு. சிரிக்காதே. வெறுங்காலோடு ஓடி வந்தவர்களின் கால்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்னாயே, ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம், இதெல்லாம் உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவு என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. வன்னியிலிருந்து வந்தபின் எங்களை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமில் அம்மா அரிசி கழுவின தண்ணீரை ஊற்றிவிடாமல் வைத்திருந்து, அதில் உன் காலைக் கழுவி, மிச்சத்தைத் தறப்பாள் ஓரத்துப் புழுதிக்குத் தெளிப்பாள். அந்தப் பிள்ளை இன்றைக்கு முகாம்களில் தண்ணீருக்குக் குழாய் போடுகிறது என்று நான் இங்கே சொல்லாத ஆள் இல்லை. ரீச்சர் நான் வாயைத் திறந்தாலே எழும்பிப் போகிறா. அதே நேரம் ஒன்று சொல்லவேண்டும், வங்கி வேலைக்குக் கடிதம் வந்தபோது வீட்டில் ஒரு சொல் கேட்காமல் கிழித்துப் போட்டாய். பெற்றவர்கள் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பு கொஞ்சமாவது இருந்திருக்கலாம். சரி, அதை விடு.

மூன்று தரம் "திரும்பி வா" என்று அடித்து மூன்று தரமும் அழித்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். நீயும் அங்கே நின்றாய்.

2008 செப்டெம்பர். தொண்டு நிறுவனங்கள் எல்லாம் வன்னியை விட்டுப் போகவேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. கிளிநொச்சியில் சனம் அவர்களின் அலுவலக வாசலில் போய் நின்றது, போகாதேங்கோ என்று. உனக்கு எட்டு வயது, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய், தாகம் தாகம் என்று அழுதாய். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வெளியே வந்தாள், இப்போது உனக்கு இருக்கிற வயதுதான் இருக்கும். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை. நான் அவளைப் பார்த்துக் கத்தினேன். "நாளைக்கு எங்களைக் கொன்றால் பார்க்கிறதுக்கு ஆர் இருக்கினம்" என்று மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை, அதற்கு மேலேயும் பேசினேன், அவளைப் பெற்றவர்களையும் இழுத்துப் பேசினேன். அவளுக்குத் தமிழ் விளங்கியிருக்காது. முகம் விளங்கியிருக்கும். கொஞ்ச நாளில் வாகனங்கள் எல்லாம் வரிசையாகப் போய்விட்டன, ஐசிஆர்சி, அந்தச் செஞ்சிலுவைக்காரர் மட்டும் மிஞ்சினார்கள். அதற்குப் பிறகு தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று நாங்கள் பட்டது உனக்குத் தெரியும்.

இந்தப் பதினேழு நாளும் அந்தப் பிள்ளையின் தகப்பனைத்தான் நினைக்கிறேன். அவனும் எங்கேயோ ஒரு வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான், எப்படியாவது வெளியே வந்துவிடு மகள் என்று எழுதியிருப்பான். அவள் போனதும் அவன் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பான். போகாதே என்று கத்தினவன் இப்போது உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் வருகுதில்லை. அங்கேயே நில் என்று சொல்லவும் வருகுதில்லை. தவிலாவில் உன் வாகனத்துக்கு முன்னால் ஒருத்தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அது எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தில் பாதி பொய்.

போன மாதம் போனில் சொன்னாய், பதிவு செய்கிற இடத்தில் உதவிக்கு நின்றதாக, விரல் அடையாளம் பார்க்கிற மெசின் வந்த பிறகு செத்தவர்களின் பெயரில் சாமான் எடுக்கிறவர்கள் பிடிபடுகிறார்கள் என்று. "இப்படியும் மனுசர் இருப்பினமா அப்பா" என்று கேட்டாய். இருப்பார்கள் என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்தேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்றேன், பால் எதுவும் இல்லை.

மாத்தளனில் கப்பல் வந்தால் காயப்பட்டவர்களைச் சின்ன வள்ளங்களில் ஏற்றி அனுப்புவார்கள். அதே கப்பலில் கொஞ்சம் சாப்பாட்டுச் சாமானும் வரும். என் எழுத்து தெளிவு என்று விதானையார், எங்கள் கிராம சேவகர், என்னைப் பெயர் எழுத இருத்தினார். ஒருநாள் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். நிவாரண அட்டை சுதந்திரபுரத்தில் செல் விழுந்தபோது போய்விட்டதாம், அட்டையை வைத்திருந்த புருசனும் போய்விட்டானாம். அட்டை இல்லாமல் எழுத ஏலாது தங்கச்சி, பிறகு வாங்கோ என்றேன். சட்டம் அதுதான். அவள் சண்டை பிடிக்கவில்லை, குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வரிசையை விட்டு விலகினாள்.

எங்கள் அட்டையில் அன்றைக்கும் ஐந்து பேர். அப்பம்மாவை இரணைப்பாலையில் பங்கருக்குள்ளேயே மூடிவிட்டு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நான் அவவின் பெயரை வெட்டவில்லை. என் கையாலேயே ஐந்து என்று எழுதி ஐந்து பேருக்கு மா எடுத்தேன், அதில்தான் அம்மா உனக்கும் தம்பிக்கும் ரொட்டி சுட்டாள். 2009 ஏப்ரல் 20 நாங்கள் ஆமிப் பக்கம் வரும்வரை அப்பம்மா அட்டையில் உயிரோடுதான் இருந்தா. பசி என்று சாட்டுச் சொல்லலாம். அந்தப் பெண்ணுக்கும் பசிதான்.

பிறகு மெனிக் பாமில் தண்ணீர் வரிசையில் அவளைத் தேடினேன். முகம் சரியாக நினைவில் இல்லை, தோள் மாற்றினது மட்டும்தான் நினைவு.

இதை அம்மாவிடம் கேட்காதே. அவளுக்குத் தெரியும், நாங்கள் அதைப் பேசுவதில்லை.

அட்டை இல்லாமல் யாராவது உன்னிடம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்கு அதற்கு வழிமுறை இருக்கும். மெசினில் பிடிபடுகிறவனோடு கொஞ்சம் மெதுவாகப் பேசு. பாஸ்போட்டை உடம்போடு வைத்திரு.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் போடு, கட்டைவிரல் படம் போடாதே, சாப்பிட்டாயா இல்லையா என்று எழுத்தில். எத்தனை மணிக்கு வந்தாலும் பரவாயில்லை, போன் என் தலைமாட்டில்தான் கிடக்கிறது.

அப்பா

செருப்பு, மறக்காதே.