94 சதவீதம் பொருத்தம்னு காட்டினீங்க, கட்டின காச திருப்பிக் குடுங்க

குறைதீர்ப்பு அதிகாரி சாருக்கோ மேடத்துக்கோ,

(ஆட்டோ ரிப்ளை போடுற ரோபோ படிச்சா, தயவுசெஞ்சு ஒரு மனுஷங்ககிட்ட குடுத்துடு.)

உங்க டேட்டிங் ஆப்ல 1,499 ரூபா கட்டி கோல்டு பிளான் எடுத்தேன். "சரிபார்த்த ஆளுங்க மட்டும், உங்க பக்கத்துலயே"ன்னு விளம்பரம் பண்றீங்கல்ல, ரெண்டுமே பொய்.

மொதல்ல அந்த 'பக்கத்துலயே'. எனக்கு பெசன்ட் நகர். ஒருத்தர் 2 கிலோமீட்டர்ல இருக்காருன்னு காட்டுச்சு, பட்டினப்பாக்கம். பக்கம்தான், நடுவுல அடையாறு முகத்துவாரம் இருக்கு அவ்ளோதான். 1967-ல கட்டி 1977-ல இடிஞ்சு போன உடைஞ்ச பாலம் இன்னும் அப்படியே நிக்குதுன்னு சென்னைல சின்னப் பசங்களுக்குக்கூட தெரியும், உங்க ஆப்புக்குத் தெரியல, நேர்கோடு போட்டு அளந்துட்டு போயிடுது. அவரு ஊருக்குப் புதுசு, உங்கள நம்பி நடந்தே கிளம்பிட்டாரு. "வந்துட்டேங்க, எங்க இருக்கீங்க"ன்னு போன், பாத்தா ஆத்துக்கு அந்தாண்ட நின்னு கைய ஆட்டுறாரு. நானும் ஆட்டினேன். வேற என்ன பண்ண? திரு.வி.க. பாலம் சுத்தி ஆட்டோ புடிச்சு வாங்கன்னா, ஆட்டோக்காரர் கேட்ட ரேட்ட கேட்டுட்டு இன்னொரு நாள் பாக்கலாம்னுட்டாரு. உண்மைய சொல்லணும்னா நீங்க காட்டினதுலயே நல்ல மனுஷன் அவருதான்.

அடுத்தது அந்த 'சரிபார்த்த ஆளு'ன்னு போடுற நீல டிக். அண்ணா நகர்ல ஒரு காபி ஷாப், வந்தவரு லேப்டாப் பேக்கோட வந்தாரு, ஆபீஸ்ல இருந்து நேரா வராரு போலன்னு நெனச்சேன். காபி வரதுக்குள்ள "பேஸிவ் இன்கம் பத்தி என்ன நெனக்கிறீங்க"ன்னு ஆரம்பிச்சு, டிஷ்யூ பேப்பர்ல வட்டம் போட்டு இது நீங்க, உங்களுக்குக் கீழ ரெண்டு பேரு, அவங்களுக்குக் கீழ ரெண்டு ரெண்டு பேருன்னு போயிட்டே இருக்காரு. கோயம்புத்தூர் சித்திய எல்லாம் எனக்குக் கீழ எழுதிட்டாரு. இதுல "எங்க அப்லைன் அண்ணன், அதான் என்னைய சேத்துவிட்டவரு, பக்கத்து டேபிள்லதான் இருக்காரு, கூப்பிடட்டுமா"ன்னு வேற. அண்ணன் ஏற்கனவே நாற்காலிய எங்க பக்கம் நகர்த்திட்டாரு. இந்த மாதிரி பிரமிடு ஸ்கீமுக்கு 2021 நேரடி விற்பனை விதிகள்ல தடையே இருக்கு. அன்னிக்கு ராத்திரியே ரிப்போர்ட் அடிச்சேன், நன்றின்னு ஒரு இதய எமோஜி வந்துச்சு, அந்த வாரக் கடைசில அதே ஆள எனக்கு 'டாப் பிக்'னு காட்டுறீங்க. நீல டிக் செல்ஃபிய மட்டும்தான் சரிபார்க்குதுன்னா அத விளம்பரத்துல சொல்லுங்க, மூஞ்சி அவரோடதுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

'கேஷுவல்'னு, அதாவது கல்யாணப் பேச்சில்லாம சும்மா பழகத்தான்னு போட்டிருந்த இன்னொருத்தர் உக்காந்ததும் நட்சத்திரம் கேட்டாரு. மூலம்னேன். ஒரு நிமிஷங்கன்னு போன எடுத்து "அம்மா, பொண்ணு மூலம்மா"ன்னு ஸ்பீக்கர்லயே சொல்றாரு. அந்தப் பக்கம் அவங்க அம்மா, தன் வீட்டுக்காரர நெனச்சு பதறுறாங்க, மூலத்துல பொறந்த பொண்ணு வந்தா மாமனாருக்கு ஆகாதாம். நான் அந்த மாமனார பாத்ததுகூட இல்ல! 94 சதவீதம்னு நீங்க போட்ட ஜோடி, பத்துல ரெண்டு பொருத்தம்கூட தேறாதுன்னு அவங்க ஜோசியர் போன்லயே முடிச்சு வெச்சுட்டாரு. அவரு என்கிட்ட காசு எதுவும் கேக்கல.

சரி போதும்னு கேன்சல் பண்ணப் போனா அந்த பட்டன் எந்த மெனுவுல ஒளிஞ்சிருக்குன்னே தெரியல, கண்டுபுடிச்சா "உங்கள லைக் பண்ணவங்க ஏமாந்து போவாங்க, நிஜமாவா?"ன்னு அழுத மூஞ்சி காட்டுது, அதத் தாண்டினா மறுபடி பிளான் பக்கத்துக்கே தள்ளிவிடுது. இதுக்குள்ள ஆட்டோபேல இன்னொரு 1,499 போயிடுச்சு. இதுக்கு சந்தா பொறின்னு பேரு, டார்க் பேட்டர்ன், அதான் ஆளுங்கள ஏமாத்துற மாதிரி ஆப்ப வடிவமைக்கிறது பத்தி 2023-ல வந்த அரசு வழிகாட்டுதல்ல தெளிவா போட்டிருக்கு, உங்க லீகல் டீம்ல யாராச்சும் படிச்சிருப்பாங்க.

ஈ-காமர்ஸ் விதிகள் 2020 படி புகார் கிடைச்சதுன்னு 48 மணி நேரத்துல சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். இல்லன்னா 1915-க்கு போன் பண்ணி நுகர்வோர் ஹெல்ப்லைன்ல போட்டுடுவேன். ரெண்டு தடவை எடுத்த 1,499-ம் வேணும், ஆட்டோபே நிக்கணும், அந்த வட்டம் போடுற ஆளோட அக்கவுண்ட தூக்கணும். கூப்பன், ஃப்ரீ பூஸ்ட்னு எதையும் அனுப்பாதீங்க, எந்த யூபிஐ-ல இருந்து எடுத்தீங்களோ அதுலயே போடுங்க.

இப்படிக்கு,
உங்க கோல்டு மெம்பர் (கேன்சல் பட்டன் விடாத காரணத்தால்)